செல்லபாயின் பெயர்ப் போர்வை

அந்த வருஷம் செல்லபாயால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு கொதித்துக்கொண்டிருக்கும். அவள் வாசலில் நிற்பாள். வாசலில் யாரும் இல்லையென்று தெரிந்ததும் கொல்லைக்குப் போவாள். வாழைமூட்டில் கோழி கிளறுகிற சத்தம் கேட்டால்கூட ஓடிப் போய் எட்டிப் பார்ப்பாள். கிழங்கு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகத்துக்கு வரும்.

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாறசாலையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் ஊரே அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. விளவங்கோடு திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேருமாம், நெய்யாற்றின்கரையும் சேருமாம், சேராதாம், பாதி மட்டும் சேருமாம் என்று காலையில் ஒரு செய்தி வரும். சாயங்காலத்துக்குள் அது பொய்யாகி இன்னொன்று வரும். பஸ் கொஞ்சம் வேகமாக வந்தால் போதும், கடைக்காரர்கள் பலகையை எடுத்து மாட்டத் தொடங்கிவிடுவார்கள். சும்மா நடந்து போகிறவனைப் பார்த்துக்கூட, இவன் எந்தப் பக்கம் என்று கேட்கிற காலம்.

செல்லபாய் இரண்டு பக்கமும் உள்ளவள். பிறந்த வீடு களியக்காவிளைக்கு அப்பால். வாழ்க்கைப்பட்ட வீடு பாறசாலைக்கு இப்பால். ஒரு வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் நடந்துவிடலாம். அந்தத் தூரத்துக்குள்தான் அவளுடைய வினையெல்லாம் இருந்தது. கணவர் ஞானையன் அமரவிளைப் பக்கத்தில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சம்பளம் திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது, அதனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. தம்பி கனகதாஸ் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்கிற போராட்டத்தில் முன்னால் நிற்கிறவன். வாயை மூடினால் அவனுக்கு மூச்சு முட்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் விமலகுமாரியின் ஞானஸ்நான விருந்தில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். பாயசம் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. கனகதாஸ் பாதிச் சோற்றில் எழுந்து போனான். அன்றோடு பேச்சு வார்த்தை கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் மிஸ்ஸி ஊருக்குப் போகிற பேச்சு வந்தது.

மிஸ்ஸி என்றால் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா. அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் அது யார் வாயிலும் நுழையவில்லை. சுற்றுவட்டாரத்தில் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் வந்து விழுந்தன. வேதக்காரர், இந்துக்கள் என்ற பேதம் பிரசவ வலிக்குக் கிடையாதே. பனையிலிருந்து விழுந்து கனகதாஸின் கால் நொறுங்கியபோது, முழங்காலோடு எடுக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மிஸ்ஸிதான் மல்லுக்கு நின்று, எலும்பைத் தடவித் தடவிச் சேர்த்து, மாதக்கணக்கில் மணல்மூட்டை கட்டி இழுத்து வைத்து, அவனை நடக்க வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் கப்பலேறுகிறாள், இனி வரமாட்டாள் என்று தெரிந்ததும் சபையின் பெண்கள் கூடி என்ன கொடுப்பது என்று யோசித்தார்கள்.

மிஸ்ஸியின் கட்டிலில் ஒரு போர்வை உண்டு. அவள் சீமையை விட்டு வந்தபோது அவளுடைய ஊர்ச் சபையார் தைத்துக் கொடுத்தது. துண்டு துண்டாகச் சதுரத் துணிகள். ஒவ்வொரு துண்டிலும் ஒருவர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் மேலேயே நூல் ஓட்டித் தைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தது. "அவங்க ஊரு பேரைப் போத்திக்கிட்டு வந்தாவ. நம்ம ஊரு பேரைப் போத்திக்கிட்டுப் போவட்டும்" என்றாள் போதகரம்மா. எல்லாரும் தலையாட்டினார்கள். வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மிஷன் தையல் வகுப்பில் படித்தவர்களில் ஊசி பிடிக்க மறக்காதவள் செல்லபாய்தான்.

காடாத்துணியைச் சதுரமாக வெட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். சட்டம் ஒன்றுதான்: யாருடைய பெயரோ அவர்தான் எழுத வேண்டும். பென்சிலால் எழுதினால் போதும். அன்றைக்கே அவள் சிவப்பு நூலால் அதன் மேல் தையல் ஓட்டிவிடுவாள். தைக்காமல் வைத்துவிட்டால் கை வேர்வையில் பென்சில் அழிந்துவிடும். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள், தென்னங்கீற்று வரைந்தார்கள். பக்கத்து வீட்டு விலாசினியின் மாமியார், "எனக்கு எழுதத் தெரியாது, ஆனா மிஸ்ஸிக்கு என்னைத் தெரியும்" என்று துணியில் ஒரு பூசணிக்காயை வரைந்தாள். அது அவளுடைய வயிற்றிலிருந்து எடுத்த கட்டி.

ஞானையன் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டார். தமிழில் போட்டால் சர்க்காருக்குக் கோபம், மலையாளத்தில் போட்டால் மச்சினன் கூட்டத்துக்குக் கோபம், ஆங்கிலம் என்றால் யாருக்கும் தொந்தரவில்லை என்று விளக்கம் வேறு கொடுத்தார். வாத்தியார் அல்லவா.

அவர் பயந்தது வீண் பயமும் அல்ல. துணியில் ஒப்பு, அதாவது கையெழுத்து, வாங்குகிறார்கள் என்ற செய்தி சந்தைவரை போய்ச் சேர்ந்து, அங்கே கால் கை முளைத்துத் திரும்பி வந்தது. துணியெல்லாம் வெள்ளைக்காரி வழியாக டில்லிக்குப் போகிறதாம். அங்கே தமிழ் ஒப்பு எத்தனை, மலையாள ஒப்பு எத்தனை என்று எண்ணி, எது கூடுதலோ அந்தப் பக்கம் ஊரைச் சேர்ப்பார்களாம். ஒருநாள் காலையில் கனகதாஸின் கூட்டாளி தங்கப்பன் ஓடி வந்தான். அவன் மலையாளப் பள்ளியில் படித்தவன், கைக்குப் பழகிய மலையாள எழுத்திலேயே போட்டிருந்தான்.

"அக்கா, அதை அழிச்சிரு. தமிழ்ல மாத்திப் போடுதேன். நம்ம ஆளுவ எண்ணிக்கை கொறஞ்சிரும்."

"இது போர்வையாக்கும், தங்கப்பா. எண்ணுறதுக்கு இல்ல, போத்துறதுக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவினும்" என்று அவன் ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தான்.

மத்தியானம் விலாசினியின் கணவன் கிருஷ்ணன்குட்டி வந்து நேர் எதிராகச் சொல்லி, தான் தமிழில் போட்டிருந்த ஒப்பை மலையாளமாக்கச் சொன்னான். தைத்ததைப் பிரிக்கிற வேலை தைக்கிற வேலையைவிடப் பெரிதாகிவிட்டது. போதாததற்குச் சிலர் பெயரே வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். மறுநாள் வேறு செய்தி வந்ததும் அவர்களே மறுபடி வந்து நின்றார்கள். செல்லபாய்க்கு ஊசியைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று வந்தது. மிஸ்ஸியின் முகம் ஒன்றுதான் அவளை உட்கார வைத்தது.

இடையில் ஒருநாள் மருந்துக்குப் போனபோது மிஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காது மந்தமாகிவிட்டதால் மிஸ்ஸி எதையும் உரக்கத்தான் சொல்லுவாள். "செல்லபாய்! எனக்கு எல்லாம் தெரியும். நீங்க என்ன தைக்கிறீங்க, தெரியும். கனகதாஸ் பேரு வேணும். அவன் காலு என் காலு!"

செல்லபாய்க்கு வேண்டியதும் அதேதான். முறைப்படி ஒரு குடும்பத்தின் துண்டுகளை ஒரே வரிசையில் அடுத்தடுத்துச் சேர்ப்பார்கள். பந்தியில்தான் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டு முடிக்கவில்லை. துணியிலாவது புருஷன் பெயரும் தம்பி பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, மிஸ்ஸியோடு பத்திரமாக ஒரு தேசத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

ஆனால் கனகதாஸ் அப்போது வீட்டிலேயே இல்லை. பஸ் மறித்த வழக்கில் போலீஸ் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரத்தில், ஞானையன் வேதக்கோவிலுக்குப் பாட்டுக்காரர்களைப் பழக்கப் போயிருக்கும்போது, கொல்லை வழியாக அக்காவின் அடுக்களைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். ஞானையனுக்குப் பாட்டுப் பாடித் தொண்டை கட்டிவிடும்; வீட்டுக்கு வருகிற இடவழித் திருப்பத்திலேயே இரும ஆரம்பிப்பார். அந்த இருமல்தான் இவர்களுக்கு அடையாளம். கேட்டதும் கனகதாஸ் மிச்சத்தை வாயில் அடைத்துக்கொண்டு வாழைக்கூட்டத்துக்குள் மறைவான். அப்படி வந்த ஒரு ஞாயிறு, மீன்குழம்புக் கையைக் கழுவச் சொல்லி, துணியையும் பென்சிலையும் நீட்டினாள்.

"அத்தானுக்குப் பக்கத்துலயா?" என்று சிரித்தான்.

"சிரிக்காதே மக்கா. எழுது."

"அவரு எங்கூட நிப்பாராக்கா? துணியக் கிழிச்சிட்டு ஓடீருவாரு."

சொல்லிக்கொண்டே துண்டு நிறைய, தமிழில், பெரிதாக எழுதினான். எழுதி முடிப்பதற்குள் இருமல் கேட்டது.

அதற்கப்புறம்தான் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. யார் செத்தார்கள், யார் அடிபட்டார்கள் என்று தெரியாமல் பெண்கள் ரோட்டோரத்தில் நின்று அழுதார்கள். கனகதாஸைப் பற்றித் தகவல் இல்லை. செல்லபாய் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. ஞானையனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த அவன் பெயரை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கை வேர்க்கும்போதெல்லாம் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பென்சில் அழிந்தால் ஆளே அழிந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்றும் அவளுக்குத் தெரியும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை போலீஸ் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். வராந்தாவில் நாற்காலி போடக்கூட நேரம் கொடுக்கவில்லை. செல்லபாய் பாயில் இருந்தபடி, தைத்துக்கொண்டிருந்த துண்டைச் சட்டென்று தொடைக்கு அடியில் தள்ளினாள். ஊசி அதிலேயே இருந்தது.

"சாரே, அளியன் வந்நோ?" என்றார் இன்ஸ்பெக்டர், ஞானையனைப் பார்த்து. மச்சினன் வந்தானா என்று கேட்கிறார்.

"இல்ல சார். அவனுக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. ஊருக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டரின் கண் பாயில் பரந்து கிடந்த துணிகளின்மேல் விழுந்தது. குனிந்து ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பெயர், பெயர், பெயர். அவர் முகம் மாறியது.

"இதெந்தா? ஒப்பு சேகரிக்கிறதோ? ஆருக்கு அனுப்பான்?"

யாருக்கு அனுப்ப என்று கேட்கிறார். செல்லபாய்தான் பேசினாள். ஊசிமுனை தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது; அசைந்தால் துண்டு தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மிஸ்ஸியையும் போர்வையையும் பற்றிச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பூசணிக்காய்த் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை வைத்து எந்த அரசாங்கத்தையும் கவிழ்க்க முடியாது என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும்.

"மிஸ்ஸி போகுந்நோ?" குரல் தணிந்துவிட்டது. "என்றெ மோளுக்கு டைபாய்டு வந்நப்போ, அவரு மூணு ராத்திரி உறங்ஙீட்டில்ல."

மகளுக்காக மூன்று ராத்திரி தூங்காத மிஸ்ஸிக்காக அவரே ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, முழங்காலில் வைத்து, மலையாளத்தில் அழகாக ஒப்புப் போட்டார். எழுத எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பது செல்லபாயின் தொடைக்குத்தான் தெரியும்.

ஜீப்பின் சத்தம் அடங்கியதும் ஞானையன் சொன்னார்: "எழும்பு."

எழுந்தாள். துண்டு வெளியே வந்தது. சிவப்பு நூலில் கனகதாஸ், ஓரத்தில் ஒரு பொட்டு ரத்தம். ஞானையன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவரவர் கையால்தான் எழுத வேண்டும் என்ற சட்டம் அவருக்கும் தெரியும்.

"எப்ப வந்தான்?"

"வரல்ல. நான்தான் அம்மையைப் பார்க்கப் போனப்ப வாங்கினேன்."

பொய் நாக்கில் தடுக்காமல் வந்தது. அவர் துண்டைத் திருப்பி அவளிடம் நீட்டினார்.

"இதப் பிரிச்சிரு. கோவில்ல வச்சு விரிக்கப் போறீங்க. அந்த இன்ஸ்பெக்டரும் வருவாரு. வரல்லன்னு நான் சொன்னவன் பேரு அங்க கெடந்தா என் வேலை போவும். நாம தெருவுலதான்."

அவர் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அவர் கண்ணெதிரிலேயே கத்திரி முனையால் ஒவ்வொரு தையலாகக் கிளப்பினாள். ரத்தப் பொட்டில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்தாள். தன் ரத்தத்துக்குத் தன் எச்சில்தான் மருந்து என்று தையல் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. நூல் போய்விட்டது. துணி முழுக்கத் தேய்த்ததில் கறையும் பென்சில் கோடும் போய்விட்டன. ஊசி போன துளைகள் மட்டும் வரிசையாக நின்றன. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லையில் வாழைக்குக் குழி வெட்டப் போனார். அன்று முழுக்க வெட்டினார்.

அடுத்த ஞாயிறு கனகதாஸ் உயிரோடு வந்து நின்றான். செல்லபாய் அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்துவிட்டு அழுதாள். "எலே, செத்துப் போனியோன்னு நெனச்சேன்லே!" அவன் சாப்பிட்டான், இருமல் கேட்டது, போனான். துண்டில் பெயர் இல்லை என்று அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஞானையன் பள்ளிக்கூடம் போனதும் பெட்டியைத் திறந்து வெள்ளை நூலை எடுத்தாள். தையல் வகுப்பில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தலையணை உறைகளுக்குப் பூ போடுவார்கள்; கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, தடவினால்தான் தெரியும். துளை இருக்கும் இடத்திலேயே ஊசியை இறக்கினாள். தம்பி எழுதிய அதே வளைவு, அதே கோணல். முடித்துக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் துணி. அதை மடித்து மற்றத் துண்டுகளுக்கு நடுவில் சொருகினாள்.

வரிசைகளைச் சேர்க்கும் நாளில் போதகரம்மா கேட்டாள்: "இதென்ன நடுவுல ஒரு கட்டம் சும்மா கெடக்கு? ஒரு சிலுவையைத் தைப்போம்."

"வேண்டாம்மா. கண்ணுபடாம இருக்க ஒண்ணு வெறுமையா கெடக்கட்டும்."

"வேதக்காரி பேசுற பேச்சா இது?" என்று போதகரம்மா கடிந்துகொண்டாள். ஆனாலும் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டாள். கண்ணுபடுகிற விஷயத்தில் யாருக்குத்தான் துணிச்சல் உண்டு.

பிரிவுபசாரத்தன்று கோவில் நிறைந்து வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், மனைவியோடும் மகளோடும் இருந்தார். பாட்டுக்காரர்கள் பக்கத்தில் ஞானையன் நின்றார். நான்கு பெண்கள் போர்வையைப் பிடித்து விரித்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தங்கப்பன் எழும்பித் தன் பெயரைத் தேடினான். மிஸ்ஸி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பூசணிக்காயைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். இன்ஸ்பெக்டர் பெயருக்கு அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். ஞானையன் பெயருக்கு வந்தாள். அதற்கு அடுத்த கட்டத்தில் நின்றாள்.

"செல்லபாய்!" கோவில் முழுக்கக் கேட்டது அந்தக் குரல். "கனகதாஸ் எங்கே?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞானையன் பாட்டுப் புத்தகத்தை மூடினார். செல்லபாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மிஸ்ஸியின் பக்கத்தில் போய் நின்று, அந்த மெலிந்த கையைப் பிடித்து, விரலை வெறும் கட்டத்தின்மேல் வைத்தாள்.

எலும்பு எங்கே முறிந்திருக்கிறது என்று தோலுக்கு மேலாகவே கண்டுபிடிக்கிற விரல் அது. ஒரு நொடி நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்தது, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். போர்வையை அந்தக் கட்டம் உள்ளே போகும்படி தானே மடித்து, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சரி," என்றாள், எப்போதும்போல உரக்க. "எல்லாரும் உண்டு."

இன்ஸ்பெக்டர் திரும்பவும் சாய்ந்து உட்கார்ந்தார். வயதான வெள்ளைக்காரியின் தடுமாற்றம் என்று நினைத்தாரோ, வேறு எதை நினைத்தாரோ, அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. பாட்டு ஆரம்பமானது. ஞானையன் அந்த வெறும் கட்டத்தில் விரல் போன வழியைப் பார்த்துவிட்டார் என்பது செல்லபாய்க்கு மட்டும் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். விமலகுமாரி இருவருக்கும் நடுவில் துள்ளிக்கொண்டு வந்தாள். சந்தை கடந்தது, ஆலமூடு கடந்தது. வேலையைப் பணயம் வைத்துவிட்டாளே என்று திட்டப்போகிறார் என்று செல்லபாய் காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தாள்.

இடவழித் திருப்பத்தில் அவர் நின்றார்.

"வெள்ளை நூலா?"

"ஆமா."

"எனக்குப் பக்கத்துலயா?"

"பக்கத்துலதான்."

அவர் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பயகிட்ட சொல்லு, கொல்லை வழியா இனி வரவேண்டாம். வாழைக்குழி வெட்டிப் போட்டிருக்கு. மசங்குற நேரத்துல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான்னா, வச்சுக் கட்ட இனி மிஸ்ஸி இல்ல. அடுக்களைப் பக்கமா வேலியில ஒரு ஆளு நுழைய எடம் விட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு நடந்தார். செல்லபாய் திருப்பத்திலேயே நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறொரு நாளும் இந்த மனுஷன் இருமி அவள் கேட்டதில்லை.